ஏழு யார் வெள்ளை

காலையில் கடை திறக்க வந்த மர்சூக் ஹாஜியார், படியில் வெள்ளைத் துணி ஒன்று விரித்துக் கிடப்பதைக் கண்டார். போகிற போக்கில் வீசிய துணி மாதிரித் தெரியவில்லை. பிரேதத்தின் மேல் போடுவதுபோல நீளவாக்கில் சுருக்கமில்லாமல் இழுத்து, நான்கு முனையிலும் கல் வைத்திருந்தார்கள். இரவுப் பனியில் நனைந்து கனத்திருந்தது. நடுவில் ஒரு செருப்புத் தடம்.

குனிந்து ஓரத்தைத் தொட்டார். கரையில் ஓடிய நீல நூலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, தன் கடைச் சரக்கு. மஸ்கெலியா பஸார் அப்போதுதான் விழித்துக்கொண்டிருந்தது. அட்டன் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. எதிர்ப்பக்கத்து மரக்கறிக் கடைக்காரன் தினமும் இவரைக் கண்டதும் கையைத் தூக்குகிறவன். இன்று பலகைகளை எடுப்பதில் அவனுக்கு ஏகப்பட்ட வேலை இருந்தது. ஹாஜியார் கற்களை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டு, துணியை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று முதுகை நிமிர்த்தியே வைத்திருந்தார். எழுபது வயதிலும் அந்த முதுகு வளைந்ததில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

றொசானா வந்தபோது துணி கவுண்டரில் இருந்தது. அவள் மலைமேல் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், தொழிலாளர் லயத்திலிருந்து தினமும் இறங்கி வருகிறவள். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு இந்தக் கடைக்கு வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

"இதுதானா மொதலாளி?" என்றாள்.

"எது?"

"நேத்து கோயில்ல கொடி ஏத்துறப்ப பார்சலப் பிரிச்சாங்க. மஞ்சத் துணிக்குப் பதிலா உள்ள இதுதான் இருந்துச்சு. சாமிக்கு முன்னாலயே பிரிச்சுட்டாங்க மொதலாளி. பொம்பளைங்க எல்லாம் வாயில அடிச்சுக்கிட்டு அழுதாங்க. நாங்க வேதக்காரங்க, எங்கம்மாவே நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துருச்சு."

மேல் டிவிசன் மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடித்துணி இந்தக் கடையிலிருந்துதான் போகும். ஹாஜியாரின் வாப்பா காலத்து ஏற்பாடு அது. நீர்த்தேக்கம் கட்டிப் பழைய ஊர் தண்ணீருக்குள் போவதற்கு முன்பே, அங்கே கடை இருந்தபோதே தொடங்கியது. தோட்டத் தலைவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து கவுண்டரில் வெற்றிலைத் தட்டு வைப்பார். கொடிக்குத் துணி வேண்டும் என்று வாயால் கேட்பார். ஹாஜியார் கைகால் கழுவிக்கொண்டு வந்து மஞ்சள் பொப்ளின் துணியில் ஏழு யார், ஏழு கெஜம், அளந்து, கத்தரி படாமல் கையாலேயே கிழித்து, பழுப்புத் தாளில் சுற்றி முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சைக் கொடிமரத்தடியில்தான் அவிழ்க்க வேண்டும். வழியில் பிரித்துப் பார்த்தால் கடையைச் சந்தேகிப்பதாகிவிடும் என்று தோட்டத்து ஆட்களே அதை ஒரு முறையாக வைத்திருந்தார்கள்.

இந்த வருஷம் வெற்றிலை வரவில்லை. ஹாஜியார் உள்ளுக்குள் காத்திருந்தார். ஏன் வரவில்லை என்று யாரையும் கேட்கவில்லை. கேட்பது அவருக்குப் பழக்கமில்லை. எங்கேயோ வாங்கிக்கொண்டார்கள் போல என்று கசப்போடு நினைத்துக்கொண்டு, கண் காட்டக் கண்டிக்குப் போய்விட்டார். பார்சல் கட்டிய அன்று கடையில் இருந்தவன் இளைய மகன் நிப்ராஸ்.

மாடியில் இருந்தவனைக் கீழே கூப்பிட்டார். நிப்ராஸ் கணுக்காலுக்கு மேல் நிற்கும் காற்சட்டையும், நெஞ்சைத் தொடப் பார்க்கும் தாடியுமாக இறங்கி வந்தான். துணியைப் பார்த்தான்.

"இது நான் கட்டினதுதான் வாப்பா. கேட்டதத்தான் குடுத்தேன்."

"என்ன கேட்டாங்க?"

நிப்ராஸ் போனை எடுத்துத் தேடி நீட்டினான். அனுப்பியவன் சுகந்தன், திருவிழாக் கமிட்டியின் புதிய செயலாளர். தோட்டத் தலைவர் அழகுமுத்துவின் தங்கை மகன். ஹாஜியார் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். எழுத்தெல்லாம் ஆங்கிலம், ஆனால் பேச்சு தமிழ்; 'நானா' என்று அண்ணன் முறை போட்டுத் தொடங்கியிருந்தது.

"வாசிங்க மகன்."

"'நானா, கோடித் துணி ஏழு யார் வேணும். நாளைக்கு ஆள் வரும். கட்டி வைங்க.' அந்த வாரம் மேல் டிவிசன்ல ஒரு சாவு வாப்பா. மையத்துக்குப் போடத்தான் கேக்கிறாங்கண்டு நெனச்சேன். ஏழு யார்ண்டா பாடைக்கும் சேத்து."

றொசானா கவுண்டருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "கொடித் துணின்னுல்ல அண்ணே போட்டிருக்கு."

"எங்க? கோடி."

"கொடி."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் வாசித்ததும் சரி. கே, ஓ, டி, ஐ. சாவுக்குப் போடும் கோடியும் அம்மனுக்கு ஏற்றும் கொடியும் அந்த நாலு எழுத்துக்குள் ஒன்றாகக் கிடந்தன.

"தமிழ்ல எழுதியிருந்தா ஒத்தக் கொம்பா ரெட்டக் கொம்பான்னு பாத்திருக்கலாம்" என்றாள் றொசானா.

நிப்ராஸ் சிரித்துவிட்டான். மகனின் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று ஹாஜியாருக்கு நினைக்கத் தோன்றியது. ஆனால் அந்த நினைப்பில் அவர் நிற்கவில்லை. கொடிக்கென்றால் தட்டோடு ஆள் வருமே, போனில் வந்ததால்தானே தனக்கு அந்த யோசனையே வரவில்லை என்று நிப்ராஸ் சொல்லிக்கொண்டிருந்தான். ஏன் தட்டு வரவில்லை என்பது றொசானாவுக்குத் தெரிந்திருந்தது. சுகந்தனின் ஆட்கள் முஸ்லிம் கடைத் துணியே வேண்டாம் என்றார்களாம். தலைவர் ஒற்றைக் காலில் நின்று இந்தக் கடைதான் என்றாராம். தட்டோடு போய் யாராவது படம் பிடித்துப் போட்டுவிட்டால் வெட்கக்கேடு என்று கடைசியில் மெசேஜ் அனுப்பி முடித்துவிட்டார்கள்.

"நான் பைக்ல போய் போனக் காட்டிட்டு வாரேன் வாப்பா" என்றான் நிப்ராஸ். சாவியைக்கூட எடுத்துவிட்டான். "மஞ்சத் துணியும் கிழிச்சுத் தாங்க. கையோட குடுத்துட்டு வாரேன்."

மஞ்சள் துணியைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அவன் வாயாலேயே சொன்னான். போன வருஷம் இதே கவுண்டரில், வாடிக்கைப் பெண்கள் நாலைந்து பேர் நிற்கும்போது, இது மார்க்கத்தில் கூடாது, இனிமேல் கொடிக்குத் துணி கொடுக்க வேண்டாம் என்று வாப்பாவோடு சண்டை பிடித்தவன் அவன். அந்தப் பேச்சு அன்றே மலையேறி லயம் லயமாகப் போயிருந்தது. இப்போது அவனே போகிறேன் என்கிறான். ஹாஜியார் அதை எடை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அவருடைய கண்ணில் நின்றதெல்லாம் படியில் விரித்திருந்த துணியும் அதிலிருந்த செருப்புத் தடமும்தான்.

"சாவிய வைங்க" என்றார். "வெத்தில வெச்சுக் கேட்டிருந்தா இது நடந்தீக்காது. கேக்கத் தெரியாதவங்க இங்க வந்து கேக்கட்டும். நம்ம குடும்பத்துல ஒருத்தன் கோயில் வாசல்ல போய் நின்டு, நான் வேணும்ண்டு செய்யல்ல, நம்புங்கண்டு கையக் கட்டிச் சொல்றதா? எங்க வாப்பா காலத்துலருந்து வாங்கி உடுத்துக்கிட்டு, இப்ப இந்தத் தோட்டக்காட்டுப் பயலுகளுக்கு..."

நிறுத்திக்கொண்டார். றொசானா தலை நிமிராமல் ஒரு சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்ததை உதறி மறுபடியும் மடித்தாள்.

நிப்ராஸ் சாவியை ஆணியில் மாட்டினான்.

ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த வருஷம் பொலிஸார் இந்தக் கடையைச் சோதனை போட்டார்கள். நாயோடு வந்தார்கள். பேல் பேலாகத் துணியை இழுத்துத் தரையில் போட்டார்கள். மாடியில் ஹாஜியாரின் மனைவி அசீசாவின் அரிசிப் பீப்பாவைக் கவிழ்த்தார்கள். அரபு எழுத்தில் ஒரு ஓதும் கிதாபு கிடைத்தது. எந்த முஸ்லிம் வீட்டிலும் இருப்பதுதான். அது யாருடையது என்று கேட்டபோது நிப்ராஸ் முன்னால் வந்தான். அவனைப் பொலிஸுக்குக் கொண்டுபோய் வைத்திருந்து பிறகு ஒன்றுமில்லை என்று விட்டார்கள். வீட்டுக்கு வந்தவனுக்கு அசீசா சோறு போட்டாள். அங்கே என்ன நடந்தது என்று அவள் வாயெடுத்தபோது ஹாஜியார் கையமர்த்தினார். "முடிஞ்சது முடிஞ்சிட்டு. இந்தப் பேச்சு இந்த வீட்டுல வேணாம். வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம்." குடும்பத்தின் மானத்தை அப்படித்தான் காக்க வேண்டும் என்று அவர் நம்பினார். பிள்ளைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது போலிருக்கிறது. போன் கடை வைத்திருக்கும் ரிஃகானும் அவனுடைய கூட்டமும் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவு மார்க்க வகுப்புக்கு வரச் சொன்னார்கள். கேட்டதோடு நிற்காமல் பதிலும் வைத்திருந்தார்கள்: ஊர் நம்மை இப்படித்தான் பார்க்கும், நாமும் ஊரை இப்படித்தான் பார்க்க வேண்டும்.

தோட்டத்துப் பக்கமும் அதே காலத்தில் சுகந்தன் மாதிரிப் பையன்களுக்குக் கடல் தாண்டி வீடியோக்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் தாடி வைத்தவன் ஒருவன் வருவான். அவனைப் பார்த்துப் பழகிய கண்ணோடு அவர்கள் பஸாரில் நிப்ராஸைப் பார்த்தார்கள். நிப்ராஸின் தாடி வளர வளர அவர்களுடைய பேச்சு வளர்ந்தது. பேச்சு வளர வளர ரிஃகானின் வகுப்பில் ஆள் கூடியது.

படம் போனில் பரவ ஒரு காலைப் பொழுது போதுமாயிருந்தது. கொடிமரத்தடியில் வெள்ளைத் துணி, பக்கத்தில் பழுப்புத் தாள், தாளில் கடைப் பெயர். மேலே எழுதியிருந்தார்கள்: அம்மனுக்குக் கோடி போட்ட கடை. அதைத் தமிழில், ரெட்டைக் கொம்பு பிழைக்காமல் எழுதியிருந்தார்கள் என்பதை ஹாஜியார் கவனித்தார். திருவிழா நெருங்கும் வாரத்தில் கடையில் மூச்சுவிட இடமிருக்காது. இப்போது தோட்டத்துப் பெண்கள் வாசலைக் கடக்கும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள். முகம் தெரிந்த பெண்கள். கல்யாணச் சேலைக்கு இந்தக் கவுண்டரில் மணிக்கணக்காக உட்கார்ந்து வம்பளந்தவர்கள். ஹாஜியார் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட நினைப்பார். தானாகக் கூப்பிட்டால் தாழ்ந்துபோகும் என்று விழுங்கிக்கொள்வார். அதற்குப் பிறகு நெடுநேரம் அவருக்கு யார் மேல் என்று தெரியாத கோபம் கொதித்துக்கொண்டிருக்கும்.

றொசானா வேலைக்கு வருவதை நிறுத்தினாள். அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல்லியனுப்பினாள்.

பஸ் நிலையத்தில் யாரோ நிப்ராஸின் தோளில் தொங்கிய பையைத் தட்டி, "என்ன நானா, கனமா இருக்கு, எத்தன மணிக்கு வெடிக்கும்?" என்றானாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். அன்று மாலை ரிஃகான் கடைக்கு வந்தான். ஹாஜியார் உள்ளே பேல் அடுக்குகளுக்குப் பின்னால் இருந்தார்.

"மாஷா அல்லாஹ் மச்சான். ஆம்புளைட வேல செஞ்சிட்ட."

"நீ வேற. நான் வேணும்ண்டு செய்யல்ல. அது மெசேஜ்ல வந்த பிழ."

"சரி சரி. வெளியில அப்படித்தான் சொல்லணும். எங்களுக்குத் தெரியும்தானே." ரிஃகான் சிரித்தான். "வகுப்புல எல்லாரும் ஒன்னயப் பத்தித்தான் பேச்சு. வெள்ளிக்கெழம கட்டாயம் வா. எல்லாரும் பாக்கணும்ண்டு ஈக்கிறாங்க."

நிப்ராஸ் மறுத்து இன்னொரு வார்த்தை சொல்வான் என்று ஹாஜியார் எதிர்பார்த்தார். அவனோ துணி அளக்கும் யார்க் கோலை எடுத்து அதன் பித்தளை முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிழை என்று சொன்னால் நம்ப ஊரில் ஒருத்தன் இல்லை. வேண்டுமென்று செய்தான் என்று கோவில்காரனும் நம்புகிறான், இவனும் நம்புகிறான். ஒருத்தன் அதற்காகக் காறித் துப்புகிறான், இன்னொருத்தன் தோளைத் தட்டுகிறான். ஹாஜியார் வெளியே வந்து ரிஃகானைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கலாம். தெருவில் ஆட்கள் நடமாடும் நேரம், நம் வீட்டுப் பிரச்சினையை நாலு பேர் பார்க்கக் காட்டுவதா என்று நின்றுவிட்டார்.

ராச்சாப்பாட்டின்போது அசீசா சொன்னாள். "நீங்க போய் ஒரு சொல் சொல்லிட்டு வந்தா என்ன? புள்ளைட மொகத்தப் பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் போகணும்? பிழ எங்கடயா?"

"பிழ யார்டண்டு கேக்கல்ல. புள்ள யார்டண்டு கேக்கிறேன்."

அவர் எழுந்து கை கழுவினார்.

கடைசியில் தலைவர் அழகுமுத்துதான் இறங்கி வந்தார். மழைத் தூறலில் நனைந்த கோட்டோடு படியில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பவர்போலத் தயங்கினார். ஹாஜியார் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தட்டு எங்க தலைவர்?" என்றார் ஹாஜியார்.

"குத்தாதீங்க ஹாஜியார். ஏற்கெனவே பயலுக குத்திக் குத்தி ஒடம்புல எடமில்ல. நான் அந்தக் கட துணிதான் வேணும்னு பிடிவாதம் புடிச்சேனாம், அதனால நான்தான் கோடி போட வெச்சேனாம். என்னயக் கமிட்டிலருந்து எடுத்துட்டானுங்க. சொந்த மருமகப் பய, எம் மடியில மூத்தரம் பேஞ்சு வளந்தவன், கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறான்."

"மெசேஜ அனுப்பினதே அவன்தானே."

"கேட்டேன். கொடின்னு தெளிவாப் போட்டேங்கிறான். அவங்கிட்ட உள்ளதயும் வாசிச்சேன். எனக்குக் கொடின்னுதான் தெரிஞ்சுச்சு. நம்மளுக்கு எது வேணுமோ அதத்தான் கண்ணு வாசிக்குது." அவர் கோட்டுப் பையில் கைவிட்டு, ஒன்றும் எடுக்காமல் வெளியே எடுத்தார். "ஞாயித்துக்கெழம பகலைக்குக் கோயில்ல கூட்டம். நீங்க வரணும். தம்பியும் போனோட வரட்டும். நாலு பேருக்கு முன்னால ஒரே வார்த்த. முடிஞ்சுரும்."

"யார் கூப்பிடுறது? நீங்களா, ஒங்க மருமகனா?"

"நான்தான். எனக்கு அங்க மிச்சமிருக்கிறது இந்த வாய் ஒண்ணுதான்."

ஹாஜியார் உள்ளே போனார். பிறகு கைகால் கழுவிக்கொண்டு வந்து, மஞ்சள் பொப்ளினை இறக்கி, ஏழு யார் அளந்தார். கையாலேயே கிழித்தார். அழகுமுத்து எழுந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் முடிச்சுப் போட்டு முடித்ததும் தலைவர், "நான் கொண்டு போகல. நீங்களே கொண்டாங்க" என்றார்.

ஞாயிறு பகல் தகப்பனும் மகனும் மலையேறினார்கள். கீழே நீர்த்தேக்கம் வற்றிச் சேறு வெடித்துக் கிடந்தது. "நீங்க எதுவும் பேச வேணாம். போனக் காட்டினாப் போதும்" என்று ஹாஜியார் சொன்னதற்கு நிப்ராஸ் தலையை ஆட்டினான்.

கோவில் வாசலில் இரண்டு இளைஞர்கள் நின்றார்கள். ஹாஜியாரைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். நிப்ராஸின் முன்னால் கை போட்டு மறித்தார்கள். "சும்மா ஒரு செக்கிங்" என்றான் ஒருவன், பாதிச் சிரிப்போடு. அவன் சொல்லி முடிக்கும் முன்பே நிப்ராஸ் இரண்டு கைகளையும் மேலே தூக்கி, விரல்களை விரித்து, கால்களை அகட்டி வைத்துவிட்டான். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. தடவிப் பார்க்க வந்தவனே கொஞ்சம் திகைத்துப்போனான். ஹாஜியார் அந்தத் தூக்கிய கைகளைப் பார்த்தார். வீட்டில் பேச வேண்டாம் என்று தான் மூடி வைத்த அந்த நாட்களில் மகன் கற்றுக்கொண்டு வந்தது இது. இன்றுவரை அவர் கேட்காமல் விட்டதற்கெல்லாம் அவன் உடம்பு பதில் சொல்லிக்கொண்டு நின்றது. திரும்பிப் போய்விடலாம் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. கையில் மஞ்சள் துணிப் பொட்டலம் இருந்தது.

கொடிமரத்தில் ஏற்கெனவே ஒரு கொடி பறந்தது. அட்டனில் அச்சடித்து வாங்கிய பளபளப்பான காவித் துணி. தோட்டமே கூடியிருந்தது. முன்வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஹாஜியார் நின்றபடியே பேசினார். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு. வாப்பா காலத்திலிருந்து இந்தக் கோவிலுக்கும் தங்கள் கடைக்கும் உள்ள தொடர்பைச் சொன்னார். இது எழுத்தால் வந்த பிழை, கொடியும் கோடியும் ஆங்கிலத்தில் ஒன்றாக இருந்ததால் வந்த வினை, அதை எல்லாரும் கண்ணால் பார்க்கலாம் என்றார். பெண்கள் பக்கமிருந்து ஒரு முனகல் எழுந்தது. "அப்படியும் இருக்குமோ" என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. அவருக்கு நெஞ்சு இளகியது.

"தம்பி, அந்தப் போனக் காட்டுங்க" என்றார் அழகுமுத்து.

நிப்ராஸ் போனை எடுத்தான். சுகந்தன் முன்னால் வந்தான். மெலிந்த, நல்ல முகமுள்ள பையன். நெற்றியில் பெரிய பொட்டு.

"காட்டட்டும் மாமா. அதுக்கு முந்தி ஒரே ஒரு கேள்வி. கொடிக்குத் துணி குடுக்கிறது உங்க மார்க்கத்துல பாவம்னு போன வருசம் நீங்க சொன்னீங்களா, இல்லியா?"

"சொன்னேன்" என்றான் நிப்ராஸ்.

"அப்ப இந்த வருசம் மட்டும் எப்படி மனசு வந்துச்சு?"

"அதான் மெசேஜ்..."

"கைய கீழ போட்டு நில்லுடா, பட்டன அமுக்கிறாத" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்புக்கூட இல்லை; திருவிழாக் கூட்டம் எதற்கும் சிரிப்பதுபோல ஒரு சிரிப்பு. முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தன. நிப்ராஸ் சிரித்தவர்களை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் பார்த்தான். போனைப் பார்த்தான். அதைச் சட்டைப் பையில் போட்டான். அவன் முதுகு நிமிர்ந்தது. அந்த நிமிர்வை ஹாஜியார் அறிவார். கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

"ஆமா" என்றான். "வேணும்ண்டுதான் அனுப்பினேன். ஒங்களுக்கு இதுதான் சரியான துணி."

ஹாஜியார் சுகந்தனின் முகத்தைத்தான் பார்த்தார். அதில் கோபம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது: ஒரு நிம்மதி. தான் தட்டச்சுச் செய்த நாலு எழுத்தைப் பற்றி இனி யாரும் தன்னைக் கேட்கப் போவதில்லை.

"பொய்" என்றார் ஹாஜியார். "என் மகன் பொய் சொல்றான்."

தன் குடும்பத்தில் ஒருவனைப் பொய்யன் என்று ஊர் முன்னால் சொல்வார் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. இத்தனை காலம் கட்டிக் காத்ததை வெளியே எடுத்துப் போட்டுவிட்டார். அதை யாரும் எடுக்கவில்லை. "பாவம், கெழவரு மகனக் காப்பாத்தப் பாக்குறாரு" என்றாள் ஒருத்தி. அவர் மகனின் சட்டைப் பையில் கைவிடப் போனார். போனை எடுத்துத் தானே காட்டிவிடலாம். நிப்ராஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். மெதுவாகத்தான் பிடித்தான். விடுவிக்க முடியவில்லை.

"வாப்பா, விடுங்க. காட்டினாலும் நம்பப் போறதில்ல. கெஞ்சினதுதான் மிச்சமாகும்."

கூச்சல் அதற்குப் பிறகுதான் எழுந்தது. அழகுமுத்து இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார். சொந்தக்காரர்கள் அவரை இழுத்தார்கள். அந்தத் தள்ளுமுள்ளுக்குள் நிப்ராஸ் ஓடாமல், திரும்பிப் பார்க்காமல், நடந்தே வெளியே போனான். வாசலில் நின்ற இளைஞர்கள் இப்போது வழிவிட்டார்கள். பயத்தில் விட்டார்கள். அவன் நடையில் அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஹாஜியார் தனியாக இறங்கினார். பொட்டலத்தைக் கொடிமரத்தடியில் வைத்தாரா, கையிலிருந்து நழுவியதா என்று அவருக்கே நினைவில்லை. பாதை லயங்களை ஒட்டிப் போகிறது. முதல் லயத்து வாசலைக் கடக்கும்போது உள்ளேயிருந்து நிப்ராஸின் குரல் கேட்டது. வேணும்ண்டுதான் அனுப்பினேன். திடுக்கிட்டுத் திரும்பினார். ஒரு பெண் அடுப்படியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டில் அது அப்போதுதான் தொடங்கியது. அதற்கடுத்த வீட்டில் முடிந்துகொண்டிருந்தது. ஒரு காம்பராவில் பேச்சை வெட்டி அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்ப வரும்படி செய்திருந்தார்கள். குழாயடியில் றொசானா குடத்தோடு நின்றாள். "மொதலாளி, அந்த மெசேஜ..." என்று தொடங்கினாள். அவளுடைய அம்மா வந்து தோளைப் பிடித்து உள்ளே திருப்பினாள். ஹாஜியார் வேகமாக நடந்தார். குரல் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

பஸாருக்கு வந்து சேர்ந்தார். பள்ளிவாசலுக்கு எதிரிலுள்ள தேத்தண்ணிக் கடையில் அவர் வழக்கமாக உட்காருவதில்லை. பொடியன்கள் கூடுகிற இடம். இன்று வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே கூட்டம். நடுவில் ரிஃகான். அவர்கள் கையிலிருந்த போனிலும் அதே கொடிமரம், அதே குரல். இங்கே படத்தின் மேல் வேறு எழுத்து எழுதியிருந்தது. ஹாஜியாரைக் கண்டதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"வாங்க ஹாஜியார், வாங்க" என்றான் ரிஃகான். தோளிலிருந்த துண்டை எடுத்து பெஞ்சை ஒரு முனையிலிருந்து மறு முனைவரைக்கும் துடைத்தான். "ஹாஜியாருக்கு ஒரு பிளேன்டீ போடுங்க. சீனி கொறச்சு. இப்படி ஒரு புள்ளயப் பெறக் குடுத்து வெச்சீக்கணும்."

"அது பொய்" என்றார் ஹாஜியார். "அவன் அப்படிச் செய்யல்ல. அது எழுத்துல வந்த பிழ. ஒரு கொம்புட பிழ."

அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து, புரிந்துகொண்டவர்களின் சிரிப்பை மறைத்துக்கொண்டார்கள். ஒருவன் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தான். இன்னொருவன் எட்டிச் சத்தத்தைக் கூட்டினான். துடைத்த பெஞ்சில் ஈரம் இன்னும் காயவில்லை. எல்லாரும் அவர் உட்காரக் காத்து நின்றார்கள். நிப்ராஸ் மறுபடியும், முதலிலிருந்து, பேசத் தொடங்கினான்.